வீடு முந்தி, கடை பிந்தி

மதுரைக்கு வெளியே புதிதாக ஒரு நகர் போடுகிறார்கள் என்றால் முதலில் மனைக்கல் ஊன்றுவார்கள். அடுத்து வருவது பெட்டிக்கடை. அஸ்திவாரம் தோண்டுகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீயும் வடையும் வேண்டுமே. வீடு எழும்பி, பால் காய்ச்சிக் குடி வருவதற்குள் அந்தப் பெட்டிக்கடை பால் பாக்கெட், தக்காளி, முட்டை என்று பரந்து அண்ணாச்சி கடையாகியிருக்கும். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் நான். இப்படிப் புதுநகரில் கடை போட்ட எத்தனையோ பேருக்குக் கடனுக்குச் சரக்குப் போட்டிருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்ப்பதற்கு முன் கடைத்தெருவைத்தான் என் கண் தேடும்.

அந்தக் கண்ணோடு அமெரிக்காவில் ஒரு ஊரைப் பார்த்துவருகிறேன். ஃபுளோரிடா மாநிலத்தின் நடுவில், ஆர்லாண்டோவிலிருந்து வடமேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பெயர் ‘தி வில்லேஜஸ்’. அக்காவும் அத்தானும் வேலையை விட்டு ஓய்ந்ததும் அங்கே வீடு வாங்கிக் குடிபோனார்கள். பனிக்காலத்தில் நானும் போய்த் தங்குவது வழக்கமாகிவிட்டது. அங்கே என் கணக்கு தலைகீழ். கண்ணுக்கெட்டிய தூரம் வீடுகள், நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம் எல்லாம் தயார். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கத்தான் பல மைல் போக வேண்டும். அக்கா தெருவில் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: “பப்ளிக்ஸ் எப்ப வரும்?” பப்ளிக்ஸ் என்பது 1930இல் ஃபுளோரிடாவிலேயே பிறந்த சூப்பர் மார்க்கெட். அந்த மாநிலத்துக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

முதியோர் இல்லம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே கட்டிய முழு ஊர். அமெரிக்கச் சட்டப்படி பத்தில் எட்டு வீட்டிலாவது 55 வயதானவர் ஒருவர் குடியிருந்தால், பிள்ளைகுட்டிகளை நிரந்தரமாகச் சேர்க்க முடியாது என்று விதி வைத்துக்கொள்ளலாம். இங்கே 19 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விருந்தாளியாக வரலாம், ஆண்டுக்கு 30 நாள் தங்கலாம், அவ்வளவுதான். ஊரின் பெரும்பகுதி சம்டர் கவுண்டியில் இருக்கிறது. நம் கணக்கில் ஒரு சிறு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மக்கள்தொகை 2000இல் 53,345. 2010இல் 93,420. 2020இல் 1,29,752. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகர்ப்பகுதி இதுதான் என்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. குழந்தை பிறந்து வளர்ந்த ஊரில்லை, எல்லாம் குடியேற்றம். அங்குள்ளவர்களில் பாதிப் பேருக்கு வயது 68ஐத் தாண்டியிருக்கும். 2021 முதல் ஆண்டுக்கு 3,000 புது வீட்டுக்குக் குறையாமல் விற்றிருக்கிறார்கள். 2021இல் மட்டும் 4,000.

இத்தனை வேகமாக வீடு ஏறும் ஊரில் கடை ஏன் பின்தங்க வேண்டும்?

இதற்குப் பதில் தேடினால் அரிசோனாவுக்குப் போக வேண்டும். டெல் வெப் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் ஃபீனிக்ஸ் நகருக்கு வெளியே ‘சன் சிட்டி’ என்ற முதியோர் ஊரை 1960 ஜனவரி 1 அன்று திறந்தார். அன்று அங்கே இருந்தவை ஐந்து மாதிரி வீடுகள், ஒரு கோல்ஃப் மைதானம், ஒரு மனமகிழ் மன்றம், ஒரு கடை வளாகம். குடியிருக்க ஆளே வராத இடத்தில் கடை வளாகம்! வேலை பார்க்கும் ஊரை விட்டுப் பொட்டல்காட்டுக்கு வா என்று அறுபது வயதுக்காரரைக் கூப்பிட்டால், “அங்க ரொட்டி எங்க வாங்குறது, மருந்து எங்க வாங்குறது” என்றுதான் முதலில் கேட்பார். கேட்பதற்கு முன்பே பதிலைக் கட்டிவைத்துவிட்டார் வெப். முதல் மூன்று நாளில் பார்க்க வந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். விற்றது 237 வீடு. அந்தக் கடைகள் ரொட்டி விற்றதைவிட வீடு விற்றதுதான் அதிகம் என்பேன்.

வில்லேஜஸ்காரர்கள் படித்தது இந்தப் பாடத்தைத்தான். மிச்சிகனைச் சேர்ந்த ஹரால்ட் ஷ்வார்ட்ஸ் தபாலிலேயே நிலம் விற்றுவந்த வியாபாரி. 1968இல் வந்த மத்திய அரசுச் சட்டம் அந்தத் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. கையில் தங்கிய ஃபுளோரிடா நிலத்தில் ‘ஆரஞ்ச் பிளாசம் கார்டன்ஸ்’ என்று, சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்தும் வீடுகளுக்கு ஒரு காலனி போட்டார். 1980களின் தொடக்கம் வரைக்கும் விற்றது 400 வீடு போலத்தான். 1983இல் மகன் கேரி மோர்ஸை அழைத்துக்கொண்டார். சன் சிட்டியை அறிந்திருந்த மோர்ஸுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. இந்த வயதில் மனிதர்கள் வாங்குவது சுவரையும் கூரையையும் இல்லை, சாயங்காலம் போய் உட்கார ஒரு இடத்தை. 1992இல் ஊர்ப் பெயர் தி வில்லேஜஸ் ஆயிற்று. 1990களின் நடுவில் ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸ் என்ற முதல் சதுக்கம் எழுந்தது. 2004இல் லேக் சம்டர் லேண்டிங், 2012இல் பிரவுன்வுட்.

சதுக்கம் என்றால் நடுவில் மேடை, சுற்றிலும் உணவகம், துணிக்கடை, ஐஸ்கிரீம் கடை, வீடு விற்பனை அலுவலகம். ஆண்டு முழுக்க சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரை காசில்லாமல் பாட்டுக் கச்சேரி நடக்கும். கட்டடங்களுக்குப் பழைய ஸ்பானிய ஊர் மாதிரியும் ஏரிக்கரைத் துறைமுகம் மாதிரியும் வேஷம் கட்டியிருக்கிறார்கள். சுவரில், நடக்காத சரித்திரத்துக்குப் பலகைகூட உண்டு. முதல்முறை அதை நம்பி நின்று படித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆக, அந்த ஊரில் இரண்டு வகைக் கடை உண்டு. வீட்டை விற்பதற்காக முன்கூட்டியே வரும் கடை ஒன்று. அது சதுக்கத்தில் இருக்கும், பாட்டோடு வரும், ஊரைப் பார்க்க வருகிறவரைக் கைப்பிடித்து இழுக்கும். குடிவந்தவருக்கு உப்பு, புளி, மாத்திரை விற்கும் கடை இன்னொன்று. இது அவசரப்படாது. வீட்டுக் கூரைகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் வரும். வந்தபின் ஓடாத கடைக்கும் வாடகை கட்டியாக வேண்டும் அல்லவா? அக்கா தெருக்காரர்கள் காத்துக்கிடப்பது இந்த இரண்டாவதுக்குத்தான்.

கூரையை எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம். நம் ஊர்ப் புதுநகரில் ஒரு வீட்டுக்கு நாலு வாய், பள்ளிக்கூடப் பை, பிறந்தநாள் கேக், வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கொரு செருப்பு. இங்கே வீட்டுக்கு அதிகம் போனால் இரண்டு பேர். சில ஆண்டு போனால் சிலவற்றில் ஒருவர். ஆண்டுக்கு 3,000 வீடு ஏறினாலும் 6,000 பேர் வரமாட்டார்கள். அவர்கள் சாப்பிடும் அளவும் நம் கல்லூரிப் பையன் சாப்பிடும் அளவில் பாதி. பள்ளி திறக்கும் மாதம் என்கிற பெரிய வியாபாரமே அங்கே கிடையாது. பேரப்பிள்ளைகள் வந்திறங்கும் விடுமுறைதான் அவர்களுக்குத் தீபாவளி. அதனால் மற்ற ஊரில் இத்தனை வீட்டுக்கு ஒரு பெரிய மளிகை என்று ஒரு கணக்கிருந்தால், இங்கே அதைவிட அதிக வீடு எழும்பியாக வேண்டும். இது தெரியாமல் “எவ்வளவு வீடு வந்தாச்சு, இன்னும் கடையக் காணோமே” என்று அங்கலாய்ப்பவர்கள்தான் அதிகம்.

தூரத்தை அளப்பதும் வேறு மாதிரி. அங்கே கார் இருந்தாலும் கால் மாதிரி உழைப்பது கோல்ஃப் வண்டிதான். ஊருக்குள் அதற்கென்றே 100 மைலுக்கு மேல் தனிப்பாதை. நெடுஞ்சாலைக்கு மேலே அந்த வண்டிக்கு மட்டும் பாலம். 2005இல் 3,321 கோல்ஃப் வண்டிகளை வரிசையாக ஓட்டி கின்னஸ் சாதனை செய்த ஊர். வண்டியின் வேகம் மணிக்கு 20 மைல். கண் மங்கிப்போய்க் காரை விட்டவரும் இதில் கடைக்குப் போய்வந்துவிடுவார். கடைக்காரனுக்கு இதன் அர்த்தம் என்ன? வண்டிப்பாதை வந்து தொடாத கடை பாதி வாடிக்கையை வாசலிலேயே இழந்த கடை. கோல்ஃப் மட்டைப் பையை மாட்டும் பின்பக்க வாரில் அத்தான் மளிகைப் பைகளைக் கட்டுவார். முட்டை மேலே, பால் கேன் கீழே. கோடையில் ஐஸ்கிரீமுக்குத் தனியாக ஒரு தெர்மாகோல் பெட்டி. அந்தப் பெட்டி தாங்குகிற நேரம்தான் அவர் கடைக்குப் போகும் எல்லை. “மாப்ள, அதுக்கு மேல போனா ஐஸ்கிரீம் இல்ல, பாயசம்” என்பார்.

கடை வரிசையை உற்றுப்பார்த்தால் குடியிருப்பின் வயசைச் சொல்லிவிடலாம். புது வீடுகள் ஏறும் தெற்குப் பக்கத்தில் ஜன்னல் திரை போடுகிறவன், கார் கொட்டகைத் தரைக்குப் பூச்சு பூசுகிறவன், பின்திண்ணைக்குக் கொசுவலைக் கூண்டு கட்டுகிறவன், சோபா விற்கிறவன், கோல்ஃப் வண்டி விற்கிறவன். இவர்களுக்கு ஓய்வே கிடையாது. எல்லாம் ஒருமுறை வியாபாரம். திரை போட்ட வீட்டுக்கு அடுத்த திரை பத்து வருஷம் கழித்து. கொஞ்சம் பழுத்த பகுதியில் பப்ளிக்ஸ், அதற்குள்ளேயே மருந்துக்கடை, பக்கத்தில் முடிதிருத்தகம், வங்கி, பீட்சா. இன்னும் வடக்கே போனால் பல் டாக்டர், கண்புரை டாக்டர், தோல் டாக்டர், காதுமெஷின். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் பிள்ளை பெற்றுப் பெருகுவார். இங்கே வாடிக்கையாளரோடு சேர்ந்து கடையும் மூப்படைகிறது. வணிக வளாகம் என்று பெயர் இருக்கும். கதவைத் திறந்தால் பாதி மருத்துவமனை.

ஊர் நகர்ந்த திசையையும் நெடுஞ்சாலை எண்ணிலேயே சொல்லிவிடலாம். 441ஆம் சாலையில் தொடங்கியது. பிறகு தெற்கே 466, அப்புறம் 466ஏ, பிரவுன்வுட் காலத்தில் 44. அதையும் கடந்து, சுங்கச்சாலையைத் தாண்டி இப்போது லீஸ்பர்க் பக்கம் வரை. தெற்கே சாகிராஸ் குரோவ் என்ற சதுக்கம் வந்தது, அண்மையில் ஈஸ்ட்போர்ட். ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸிலிருந்து பிரவுன்வுட்டுக்கே கோல்ஃப் வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. புதிதாகக் குடிவந்த தெற்கத்திக்காரர் பாட்டுக் கேட்க அவ்வளவு தூரம் ஏன் போகப்போகிறார்? காசு புழங்கும் மையம் தெற்கே நகர நகர வடக்கின் பழைய கடைத்தெருவில் ஈ ஓட்டும் நேரம் கூடுகிறது. வடக்கில் பெயர்பெற்ற ஹசியெண்டா ஹில்ஸ் கன்ட்ரி கிளப்பை இடித்துவிட்டு வாடகைக் குடியிருப்பு கட்டினார்கள். பழைய குடிவாசிகளுக்கு அதில் வருத்தம். வியாபாரியாக எனக்கு அது புரிகிறது. அண்டை வீட்டுக்காரனாகக் கேட்டால் என் பதில் வேறு.

இதெல்லாம் ஒரே கையில் இருப்பதுதான் இந்த ஊரின் விசேஷம். மோர்ஸ் 2014இல் காலமானார். குடும்பம் தொழிலைத் தொடர்கிறது. வீடு கட்டுவது, கடைக்கான நிலத்தை ஒதுக்குவது, பெரும்பாலான வளாகங்களை வாடகைக்கு விடுவது எல்லாம் அவர்கள். ஊரின் நாளிதழ், வானொலிகூட. 2025 வரை வங்கியும். ஊரார் அவர்களை ஒரே சொல்லில் ‘டெவலப்பர்’ என்பார்கள், நாம் ‘கலெக்டர்’ என்பது போல. வீட்டு முன்னறையில் பெட்டிக்கடை போடலாம் என்று யாராவது நினைத்தால் வீட்டுப் பத்திரத்தின் நிபந்தனையே தடுத்துவிடும். கடைக்கென்று வரைபடத்தில் ஒதுக்கிய இடத்தில், ஒதுக்கியவர் திறக்கும்போதுதான் கடை. அவசரப்படவும் அவருக்குக் காரணமில்லை. பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு நிலக்காரர் இருந்தால்தானே பயம்?

அடுத்தது பருவம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமாநிலக் குளிருக்குத் தப்பி வருகிறவர்களை அங்கே பனிப்பறவைகள் என்கிறார்கள். அந்த மாதங்களில் சாயங்காலம் நாலரைக்கே உணவக வாசலில் வரிசை நிற்கும். (ஆறு மணிக்குச் சாப்பிட்டால் அங்கே அது ராச்சாப்பாடு.) ஆகஸ்டில் அதே உணவகத்தில் மேஜை துடைப்பவர் மின்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். கடையை எந்த மாதத்துக்குக் கட்டுவது? மார்ச்சுக்குக் கட்டினால் ஆகஸ்டில் சம்பளம் போட முடியாது. ஆகஸ்டுக்குக் கட்டினால் மார்ச்சில் இடமில்லாமல் திட்டு வாங்க வேண்டும். புது உணவகங்கள் முதல் கோடையைத் தாண்டுகின்றனவா என்பதை வைத்துத்தான் ஆயுசைச் சொல்லலாம் என்று ஒரு சமையல்காரர் என்னிடம் சொன்னார்.

சம்பளத்தை விடுங்கள், சம்பளம் வாங்க ஆள் வேண்டுமே. எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள் என்றால் பில் போடுவது யார், பாத்திரம் கழுவுவது யார்? ஓகாலா, லீஸ்பர்க், வைல்ட்வுட் பக்கமிருந்து வண்டி ஓட்டி வருகிறார்கள். இந்த ஊரில் வீடு வாங்க அவர்களுக்கு வயசும் இல்லை, பணமும் இல்லை. டெவலப்பர் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறார். 2000 வாக்கில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, இந்த ஊர்க் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். இப்போது மிடில்டன் என்று குடும்பத்தோடு இருப்பவர்களுக்கே ஒரு தனி ஊர் எழும்புகிறது. 2023இல் உயர்நிலைப் பள்ளியும் அங்கே வந்துவிட்டது. முதியவர் ஊர் ஓட இளைஞர் ஊர் ஒன்றைப் பக்கத்தில் கட்டவேண்டி வந்திருக்கிறது. அந்த ஊருக்குப் பள்ளிச்சீருடை, சைக்கிள், டயப்பர் எல்லாம் வேண்டும். கடைக்காரன் நாக்கில் எச்சில் ஊறும் விஷயம்.

சாலைச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடை வந்தால் கார் வரும், கார் வந்தால் ரோடு விரிய வேண்டும். யார் காசில்? 2019இல் சம்டர் கவுண்டி வீட்டுவரியை 25 சதவீதம் ஏற்றியது. சாந்தமாக கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த தாத்தாக்கள் பொங்கிவிட்டார்கள். 2020 தேர்தலில் பதவியிலிருந்த மூன்று கவுண்டி ஆணையர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுக் கட்டடம் கட்டுபவரிடமே சாலைக்கட்டணத்தை அதிகம் வாங்கு என்று புது ஆட்களை உட்கார வைத்தார்கள். 2021இல் மாநிலச் சட்டமன்றம், அப்படிப்பட்ட கட்டணத்தைப் பொதுவாக 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது, அதையும் தவணை தவணையாகத்தான் உயர்த்த வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. அத்தானுக்கு இதைக் கேட்டாலே இரத்த அழுத்தம் ஏறும்.

அக்காவுக்கு வேறு கவலை. பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் ஆர்லாண்டோவிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து லேக் கவுண்டியில், டவாரெஸ் ஊரில் இந்தியர்களுக்கென்றே ‘சாந்திநிகேதன்’ என்ற ஓய்வுக் குடியிருப்பு இருக்கிறது. இக்னேஷியஸ் என்ற இந்தியர் 54 வீடுகளோடு ஆரம்பித்தது. அங்கே பொதுச் சமையலறையில் நம் சாப்பாடு உண்டு. 54 வீட்டை நம்பிக் கடை போட முடியாது, அடுப்பு போடலாம் என்று கண்டுகொண்டவர் அவர். அக்கா அவ்வப்போது “அங்கயே போயிருக்கலாம்” என்பாள். அத்தான் கோல்ஃப் மட்டையைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவார்.

ஆர்லாண்டோவில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குச் சமீபத்தில் ஒரு யோசனை. தெற்குப் பகுதி வளாகம் ஒன்றில் நடந்துகொண்டிருந்த சின்ன உணவகம் கைமாறுவதாகக் கேள்விப்பட்டு, அதை எடுத்து இட்லி, தோசை, ஃபில்டர் காபி போட்டால் என்ன என்று கேட்டான். “மாமா, வருஷத்துக்கு மூவாயிரம் வீடு வருது, தப்பு போகாதுல்ல?”

“வரைபடத்துல இருக்குற வீட்ட எண்ணாத. விளக்கு எரியுற வீட்ட எண்ணு” என்றேன். “அதுலயும் கோல்ஃப் வண்டி எட்டுற தூரத்துல எத்தனைன்னு பாரு. அடிப்படை வாடகைய மட்டும் பாத்து ஏமாறாத. வளாகத்து விளக்கு, புல்வெட்டு, காப்பீடுன்னு உன் பங்கா என்னென்ன ஏத்துவாங்க, விக்கிற தொகை இவ்வளவு தாண்டுனா அதுல பங்கு கேப்பாங்களா, எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கும், வக்கீல வச்சுப் படி. பக்கத்துலயே இன்னொரு காபிக்கடைக்கு விட மாட்டோம்னு எழுதித் தருவாங்களான்னு கேளு. மாவாட்ட, மேஜை துடைக்க ஆள் எங்கருந்து, எத்தன மணிக்கு வண்டி எடுத்து வருவாங்கன்னு விசாரி. இவங்க நாலரைக்கே ராத்திரிச் சாப்பாட ஆரம்பிச்சிருவாங்க, அதனால உன் தோசை காலைல ஓடுமான்னு யோசி. சர்க்கரைக்காரங்க ஊரு, கேசரிய நம்பாத. எல்லாத்துக்கும் மேல, விக்கிறவர்கிட்ட போன ஆகஸ்ட் மாசத்து பில்லுகள வாங்கிப் பாரு.”

கேட்டிருக்கிறான். தரகர் உடனே அனுப்பிவைத்தார். மார்ச் மாதக் கணக்கு.